மூலத் தட்டும் மறுபதிப்பும்

ஏட்டுச் சுவடியின் அருமையைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையரவர்களும் ஊரூராய்ச் சென்று சுவடி தேடிய வரலாறு பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததொன்று. 1887ஆம் ஆண்டில் பிள்ளையவர்களின் கலித்தொகைப் பதிப்பு வெளிவந்தது. அதே ஆண்டிலேயே ஐயரவர்களின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. அச்சுப் புத்தகம் கைக்கு வந்தபின்னர் ஏடு எதற்கு என்று கேட்டவர்களும் அக்காலத்தில் இருந்தனர். ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விட்டவர்களும் இருந்தனர். நல்ல பதிப்பாசிரியரோ, தாம் கண்ட ஏடுகள் எவை, எந்த ஏட்டில் எந்தப் பாடம் இருந்தது என்பதை அடிக்குறிப்பில் எழுதி, ஏட்டையும் காத்து வைத்தார்.

ஏட்டைக் குறித்து அன்று எழுந்த அதே வினா, இக்காலத்தில் ஒலியைக் குறித்து எழுந்துள்ளது. பழைய பாடகர் ஒருவரின் குரலை அவர் காலத்தில் அழுத்திய இசைத்தட்டிற் கேட்பதா, இன்று கணிப்பொறியில் இட்டுச் சலித்துத் துப்புரவாக்கி வெளியிடும் மறுபதிப்பிற் கேட்பதா? எது அப்பாடகரின் உண்மையான குரல்? விலைகொடுத்துப் பழந்தட்டுத் தேடும் செல்வர்களின் பொழுதுபோக்கு வினா இது என்று தள்ளிவிடலாகாது. குரல் ஒன்றே எஞ்சி, ஆள் மறைந்துபோன கலைஞர் பலர் தமிழிசை வரலாற்றில் உள்ளனர். அவர்களைப் பொறுத்தவரை தட்டுத்தான் சுவடி.

எமில் பெர்லினர் என்பார் வட்டத்தட்டில் ஒலியைப் பொறிக்கும் முறைக்கு 1887இல் உரிமம் கோரினார். நம் பதிப்பாசிரியர் இருவரும் அரும்பெரும் நூல்களை அச்சேற்றிய அதே ஆண்டு அது! 1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். மெழுகிற் பதிந்த அக்குரல்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, தட்டுகளாகித் திரும்பி வந்தன. பாடி முடித்ததும் பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்வதை அக்காலத் தட்டுகளிற் கேட்கலாம். தொலைவிலுள்ள ஆலையார் எது எவர் பாட்டு எனத் தடுமாறாதிருக்கச் செய்த ஏற்பாடு அது என்பர். பாட்டு முடிந்ததும் வெட்டிவிடும் மறுபதிப்புகளில் இந்தப் பெயர் மறைந்துபோகிறது. பாட்டின் பகுதியன்று என்பது வெட்டியவரின் எண்ணம் போலும்! வரலாறு பயில்வோனுக்கோ அந்த ஒரு நொடி பாட்டைவிடப் பெரியது.

1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே தட்டு அழுத்தும் ஆலை எழுந்தது. பின்னர் அது தம் தம் என்னுமிடத்திற்குப் பெயர்ந்தது. சென்னைக் கலைஞரின் குரல்களும் அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பதிவேறின. கோயம்புத்தூர்த் தாயி என்ற பாடகி 1872 முதல் 1917 வரை வாழ்ந்தவர். அவர் பாடிய அருட்பாத் தட்டொன்று பாரிஸ் நகரத்து இசைப்புலவர் மொரிஸ் டெலாஜின் கைக்கு எட்டியது. அதனை அவர் பியானோவிற்கு ஏற்றவாறு எழுதி 'ராகமாலிகா' எனப் பெயரிட்டார். முழவின் ஓசை தோன்றும்பொருட்டுப் பியானோவின் ஒரு நரம்பின் கீழ் அட்டைத் துண்டு செருகச் சொன்னார். தட்டு ஒன்று கடல்கடந்து செய்த வேலையைப் பாருங்கள்!

தட்டு எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தாலன்றி மூலம் எது, படி எது என்ற வழக்குத் தீராது. பாடகரின் குரல் முதலில் மெழுகுத் தட்டில் கீறப்படும். மின்பூச்சு முறையால் அதன்மேல் உலோகம் படியச் செய்து உரித்தெடுப்பது தந்தைத் தட்டு. தந்தையிலிருந்து தாய்த் தட்டும், தாயிலிருந்து மைந்தன் என்னும் அச்சும் எடுக்கப்படும். தொழிலாளர் வழங்கிய பெயர்களே இவை. மைந்தனைக் கொண்டுதான் அரக்குக் கலவையை அழுத்திக் கடைக்கு வரும் தட்டைச் செய்தனர். பாண்டவர்க்குத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையும் இந்த அரக்காலானதே. அரக்குடன் கல்மாவும் கரியும் சேர்ந்தே பழைய தட்டுக்குக் கனமும் கறுப்பும் தந்தன. கல்மா இருந்தபடியால் எஃகு ஊசி தட்டைத் தேய்ப்பதோடு தட்டும் ஊசியைத் தேய்த்தது. ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றவேண்டும் என்று விதித்ததன் காரணம் அதுவே.

அழுத்த அழுத்த மைந்தன் தேயும். தேய்ந்தபின் தாயிடமிருந்து வேறு மைந்தன் பிறப்பான். ஆதலால் ஒரே பாட்டின் தட்டுகளிலும் முதன்முதல் அழுத்தியவை தெளிவாகவும் பிந்தியவை சற்றே மங்கலாகவும் இருத்தல் கூடும். முதலச்சு வேண்டுமென்று சேகரிப்போர் அலைவது வெறும் பித்தன்று என்பதற்கு இது சான்று. இங்கிலாந்தின் ஹேய்ஸ் ஆலையில் எந்த மைந்தனால் அழுத்தியது என்பதைத் தட்டின் உள்வளையத்தில் எண்ணாகப் பொறியாமல் எழுத்தாகப் பொறித்தனர். கிராமபோன் கம்பனியின் பெயரிலிருந்தே பத்து எழுத்துகளை எடுத்து ஒன்று முதல் சுழியம் வரை வழங்கினர். நம் கடைக்காரர் கொள்முதல் விலையைப் பிறர் அறியா எழுத்துக்குறியால் எழுதிவைக்கும் வழக்கத்தை ஒத்த தந்திரம்!

இனி, மறுபதிப்பின் முதற் சிக்கல் வேகம் பற்றியது. நிமிடத்திற்கு 78 சுற்று என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆயினும் மின்முறைப் பதிவு 1925இல் வருமுன்னர் வெளிவந்த தட்டுகள் யாவும் 78இற் சுழன்றவை அல்ல. 70 சுற்றிற் பதிந்தவையும் உண்டு. 80ஐத் தாண்டியவையும் உண்டு. 82 சுற்றிற் பதிந்ததை 78இற் சுழற்றினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை இறங்கிவிடும். 70இற் பதிந்ததை 78இற் சுழற்றினாலோ ஏறத்தாழ முழுக்கட்டை ஏறிவிடும், காலமும் விரையும். மேலைநாட்டு இசைக்குழுவாயின் கருவிகளின் நிலைத்த சுருதியைக்கொண்டு பிழையை ஒருவாறு கண்டுபிடிக்கலாம். நம் பாடகர் தத்தம் குரலுக்கேற்பச் சுருதி வைத்துக்கொள்பவர். அவர் எக்கட்டையிற் பாடினார் என்பதைத் தட்டு தானாகச் சொல்லாது. மறுபதிப்புச் செய்வோர் தம் விருப்பத்திற்கு ஒரு வேகத்தை வைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமற் போனால், கேட்போன் அதனையே அப்பாடகரின் குரல் என்று நம்புவான்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பார்க்கலாம். 1906இற் பிறந்து 1933இல், இருபத்தேழு வயதில் மறைந்தவர். உச்சக் கட்டையிற் பாடிப் புகழ்பெற்றவர். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அவரைச் சந்தித்ததும், இருவரும் ஒரே மேடையில் நடித்ததும் 1920களில் கொழும்பு மாநகரிலேயே என்பதை ஈழத்து நேயர்கள் பெருமையோடு நினைவு கூர்வர். அவரை நேரிற் கேட்டவர் எவரும் இன்றில்லை. எஞ்சியிருப்பவை சில தட்டுகள். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமும் சிறிது மிகுதியும். மேடையில் நெடுநேரம் விரிந்த பாட்டை மூன்று நிமிடத்திற் சுருக்கிப் பாடியவை. 'காயாத கானகத்தே' என்று தொடங்கும் பாட்டு இன்றும் பலர் காதில் ஒலிக்கிறதென்றால் அத்தட்டுகளே காரணம். அவருடைய கட்டை எவ்வளவு என்று ஒரு மாணவன் வினவினால் விடை தட்டிலும், அத்தட்டைச் சுழற்றிய வேகத்திலுமே உள்ளது. பின்வந்த ஒலிநாடாவிலிருந்தோ குறுந்தட்டிலிருந்தோ மட்டும் விடை சொல்லப் புகுவது, ஒரு கையெழுத்துப் படியை மட்டும் நம்பிப் பாடம் துணிவதை ஒக்கும்.

இரண்டாவது சிக்கல் இரைச்சல். அரக்குத் தட்டில் மழைபோல ஓர் இரைச்சல் ஓயாது கேட்கும். அதனை நீக்குவதையே பழைய மறுபதிப்பாளர் தம் தலையாய கடமை எனக் கொண்டனர். எளிய வழி, உயர்ந்த அதிர்வுகளை முழுவதும் வெட்டிவிடுதல். இரைச்சல் போய்விடும், அதனோடு பாடகரின் சகர ஸகரங்களின் கூர்மையும், தம்புராவின் மினுமினுப்பும், மிருதங்கத்தின் வலந்தலை ஓசையும் போய்விடும். எஞ்சுவது பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து பாடுவது போன்ற குரல். ஊர்திக் குழாய்போன்ற புனலின் முன் நின்று பாடிய பழைய முறைப் பதிவுகளில் ஏறத்தாழ 2,000 அதிர்வுக்கு மேற்பட்டவை மிகக் குறைவாகவே பதிந்தன. ஆதலால் அவற்றிற் பெருநட்டம் இல்லை. மின்முறைப் பதிவில் 5,000 வரையிலும் குரல் பதிந்திருந்தது. அங்கே இவ்வாறு வெட்டியது பெரும் பிழை.

ஆயினும் மறுபதிப்பாளரை முற்றும் பழித்தல் நடுநிலையன்று. பழைய 78 தட்டின் வரிப்பள்ளம் அகன்றது. அதற்கேற்ற ஊசிமுனை ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. 1948 ஜூன் மாதம் அமெரிக்கக் கொலம்பியா கம்பனி வெளியிட்ட, 33⅓ சுற்றில் ஓடும் வினைல் நீள்தட்டிற்கு ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். நீள்தட்டு ஊசியைப் பழந்தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் இறங்கிப் புழுதியை உழுதுகொண்டு போகும். தேர்ந்த பதிவாளரோ பல பருமனுள்ள ஊசிகளை வைத்துக்கொண்டு, எஃகு ஊசி தேய்த்த இடத்திற்குச் சற்று மேலோ கீழோ தேயாத சுவரிற் பொருந்தும் ஊசியைத் தெரிவு செய்வார். அப்போது, அத்தட்டை வாங்கிய முதல் வீட்டார்கூடக் கேட்டிராத தெளிவு கேட்கும். மறுபதிப்பு மூலத்தை வெல்லும் இடம் இது.

இங்குதான் வழக்கின் உயிர்நாடி உள்ளது. 1970களிற் செய்த மறுபதிப்பினும் 2000த்திற் செய்தது மேலானது. இன்று செய்வது அதனினும் மேலானது. மறுபதிப்புச் செய்தாயிற்று என்று மூலத் தட்டை எறிந்துவிட்டால், மேலான மறுபதிப்பு இனி எக்காலத்தும் பிறவாது. முந்தியவர் செய்த பிழையே நிலைபெற்றுவிடும்.

வினைல் நீள்தட்டுக் காலத்திலும் இத்தகைய தொல்லைகள் ஓயவில்லை. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஓசையைக் குறைத்தும் உயர்ந்த ஓசையைக் கூட்டியும் வெட்டி, இசைக்கும்போது அதனை நேர்மாறாகத் திருத்துவர். 1954 வரையில் இத்திருத்தம் கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டது. 1961இல் அமெரிக்கக் கப்பிட்டல் கம்பனி, ஒரு தடத்திற் பதிந்த பாட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு காதிற்குத் தாழ்ந்த ஓசையும் மறுகாதிற்கு உயர்ந்த ஓசையும் செல்லுமாறு செய்து, இருதடத்தொலி எனப் பெயரிட்டு விற்றது. வடநாட்டில் 1980களின் பிற்பகுதியில் பழைய இந்தித் திரைப்பாடல்களின்மேல் புதிய முரசொலியை ஏற்றி விற்றனர். பின்னர்க் குறுந்தட்டுக் காலத்தில், கடையில் அடுத்த தட்டைவிடத் தன் தட்டு உரத்துக் கேட்கவேண்டும் என்ற போட்டியில் மெல்லொலி வல்லொலி வேறுபாட்டையே நசுக்கினர். ஓதுவார் மெல்லத் தொடங்கி ஓங்கிப் பாடும் தேவாரத்தை ஒரே உரப்பிற் கேட்டால் எப்படி இருக்கும்?

இத்துறையின் செல்வர்களுக்கு ஒரு சிறு குத்தும் விழுந்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம், கணிப்பொறி தீண்டாமல் மூல நாடாவிலிருந்து நேரே வெட்டிய மறுபதிப்புகளைத் தருவதாகப் பெரும் பெயர் பெற்றிருந்தது. அவற்றுட் பல எண்ம முறையினூடே சென்றவை என்பது 2022இல் வெளிப்பட்டது. செவிக்கூர்மையைப் பற்றிப் பெருமை பேசிய பலர் அதுவரை அதனைக் கண்டுபிடித்திலர். எனவே வழி எதுவென்பதைவிட, வந்த வழியை ஒளியாமற் சொல்வதே முதன்மை என்பது புலனாகும். இத்தனைக்கும் வினைல் தட்டு மீண்டும் உயிர்பெற்றுவிட்டது. 2022இல் அமெரிக்காவில் 4 கோடியே 10 இலட்சம் வினைல் தட்டுகளும் 3 கோடியே 30 இலட்சம் குறுந்தட்டுகளும் விற்பனையாயின. 1987க்குப் பின் எண்ணிக்கையில் வினைல் முந்தியது அவ்வாண்டிலேதான். இந்தியாவில், முன்னைக் கிராமபோன் கம்பனியின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017இல் 5,000 பழம்பாடல்களை ஒரு சிறு பெட்டியில் அடக்கி விற்றது. ஒரு பண்டகசாலை நிறையும் தட்டுகள் கைப்பெட்டிக்குள்!

இனி ஈழநாட்டுப் பக்கம் திரும்புவோம். இலங்கையில் ஒலிபரப்புப் பிறந்ததே இசைத்தட்டோடுதான். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல், கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக்கொண்டு ஓர் அஞ்சற்கருவி செய்து, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையை வானிற் பரப்பினார். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. போர்க்காலத்தில் நேசப்படைகளின் பொருட்டு எழுந்த வலிய நிலையம் போர் முடிந்தபின் இலங்கையர் கைக்கு வந்தது. 1949இல் இலங்கை வானொலி எனத் தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு எழுந்தது. 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. அகில இந்திய வானொலி 1952 முதற் சில ஆண்டுகள் திரைப்பாடலைப் புறக்கணித்த காலத்தில், தமிழகத்து மக்கள் கொழும்பை நோக்கிச் செவிசாய்த்தனர். எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரல் இராமேசுவரம் கடந்தும் வீட்டுக்குரலாயிற்று. அக்காலத்தே திரண்ட இசைத்தட்டு நூலகம் ஆசிய வானொலி நிலையங்களின் பழந்திரட்டுகளுள் ஒன்று.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே சென்றால், சித்தாண்டி கடந்து வாழைச்சேனைக்கு முன் உள்ளது கிரான். வயலும் காடும் நீர்நிலையும் சூழ்ந்த ஊர். இத்தகைய ஊர்களில் கிராமபோன் பெட்டி வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலார்க்கு இசைத்தட்டு என்பது கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் மரக்கொம்பிற் கட்டிய ஒலிபெருக்கியில் ஊர் முழுதும் கேட்ட பொருள். அல்லது பற்றரியில் இயங்கிய வானொலிப் பெட்டியில், இரவு நேரத்தில் ஏறியும் இறங்கியும் வந்த ஓசை. மத்திய அலையிலும் சிற்றலையிலும் வரும் ஒலிக்கு எல்லை குறுகியது. மழை இடித்தால் அதுவும் பாட்டோடு சேர்ந்து இடிக்கும். ஆகவே இவ்வூர்களின் முதியோர் நெஞ்சிற் பதிந்துள்ள 'மூலம்' ஆலையில் அழுத்திய மூலமன்று. தட்டு, ஊசி, அஞ்சல் அலை, ஒலிபெருக்கிக் கூம்பு, வயற்காற்று ஆகிய யாவும் கலந்து ஆக்கிய மூலம் அது. துப்புரவாக்கிய குறுந்தட்டைக் கேட்டு, இது அந்தப் பாட்டுப்போல இல்லையே என்று பாட்டியொருத்தி சொன்னால், அவள் செவியிற் குறை காணுதல் தகாது. அவள் கேட்ட பாட்டு எந்தக் கம்பனியின் பேரேட்டிலும் இல்லை.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. தட்டும் பெட்டியும் அரியனவாயின. 1977க்குப் பின் வாணிபம் திறந்துவிடப்பட்டது. மத்தியகிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் ஒலிநாடாப் பெட்டியோடு திரும்பினர். ஒலிநாடாக் கடையில் விருப்பப் பாடலைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் பதிந்து தந்தனர். தட்டு பரணேறியது. அடுத்த ஆண்டே, 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு, மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. தென்னந்தோப்புகள் படுத்தன, கூரைகள் பறந்தன. பரணிலிருந்தவை கூரையோடு போயின என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பின்னர் வந்த போரில் ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள், தட்டைத் தூக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து கரையோரத்தைக் கழுவியது. அரக்குத் தட்டு விழுந்தால் உடையும். ஈரத்தில் அதன் பெயர்த்தாளிலும் வரிகளிலும் பூஞ்சணம் பூக்கும். வினைல் உடையாது, வெயிலில் வளையும். ஐரோப்பாவிற் பழந்தட்டு ஒன்று ஒரே வீட்டின் அலுமாரியில் நூறாண்டு கிடக்கலாம். கீழ்மாகாணத்துத் தட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இங்கே தப்பிக் கிடக்கும் ஒவ்வொன்றையும் அந்தக் கணக்கில் வைத்தே மதிக்கவேண்டும்.

பாதுகாப்பான நாடுகளிலும் மூலம் அழியாதென்பதில்லை. 2008 ஜூன் முதல் நாள் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் யூனிவர்சல் நிறுவன வளாகத்தில் மூண்ட தீயில் மூல ஒலிநாடாக்கள் பல எரிந்தன. மூல நாடா எரிந்தபின், அப்பாட்டுக்குக் கடையில் விற்ற முதலச்சுத் தட்டே மூலமாகிவிடுகிறது. ஏட்டின் கதையும் இதுவே: ஆசிரியர் கையெழுத்து எங்கே இருக்கிறது? கிடைத்த படிகளுள் மூத்ததே மூலம்.

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஓசையைப் பற்றி இவ்விடத்திற் சொல்லாமல் விடமுடியாது. ஆளுநர் மன்னிங்கின் மனைவியார் பெயர் பூண்ட கல்லடிப் பாலத்தருகே, நிலாக் காலத்தில் தோணித் துடுப்பை நீரிலிட்டு மறுமுனையைச் செவியில் வைத்துக் கேட்போர், நரம்பு மீட்டுவது போன்ற ஓசை கேட்பதாகக் கூறுவர். அருட்தந்தை லாங் என்னும் இயேசுசபைத் துறவியின் உதவியோடு அவ்வோசை பதிவாகி, 1960களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகியது. அந்த ஓசைக்குத் துப்புரவாக்கிய மறுபதிப்புச் செய்யப் புகுவோர் திகைத்துப் போவர். எது மீனின் இசை, எது நீரின் இரைச்சல், எது நாடாவின் இரைச்சல்? இரைச்சலைச் சலித்தால் இசையும் சல்லடையில் விழும். இரைச்சல் எனப்படுவது கேட்போனின் தீர்ப்பேயன்றி இயற்கையின் பிரிவன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

அந்த வாவியின் இசையில் ஈடுபட்டு நீரரமகளிர் பாடுவதாகச் செய்யுள் செய்தவர் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள். அடிகளாரின் 'யாழ்நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழ் என்னும் கருவி மறைந்து நூற்றாண்டுகள் கடந்தபின், சிலப்பதிகாரத்தின் சொற்களையும் கணக்கையும் துணைகொண்டு அதன் வடிவையும் நரம்பின் அளவையும் மீட்ட பெருமுயற்சி அது. தாம் எந்த அடியிலிருந்து எந்த முடிவுக்கு வந்தார் என்பதை அடிகள் படிப்படியாக எழுதிவைத்தார். உடன்படாதோர் வழக்காடுவதற்கு அதனால் இடமுண்டாயிற்று. மறுபதிப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதற்கு மட்டக்களப்பு நாட்டிலேயே இலக்கணம் வகுத்தவர் இருந்தார் எனலாம்.

கூத்தின் கதையோ வேறு. 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தான 'கர்ணன் போர்' என்பதனைச் சுருக்கிச் செம்மைசெய்து பல்கலைக்கழக மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, அளவான நேரத்தில் முகப்பு மேடைக்குப் பொருந்தியது. இது கூத்தா, அன்றா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. அண்ணாவியார் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக்கும் கலையில் மூலம் என ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. களரிதோறும் மூலம் பிறக்கிறது. பேராசிரியரின் கூத்தும் அவற்றுள் ஒன்றெனக் கொள்ள இடமுண்டு. தட்டிற்கு அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. குறித்த ஒரு நாளில், குறித்த ஓர் அறையில், ஒரு மனிதர் மூன்று நிமிடம் பாடினார். அதற்கு ஒரே சான்று அந்த மெழுகிலிருந்து இறங்கிய வரிசை. கூத்தைப் புதுப்பிப்போனுக்குள்ள உரிமை தட்டைப் புதுப்பிப்போனுக்கு இல்லை.

இவ்விடயத்தில் உழைப்போர் இல்லாமலில்லை. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் 78 தட்டுகளைத் திரட்டினார். ஆஸ்திரேலியாவிலிருந்து மைக்கல் கினியர், கிராமபோன் கம்பனியின் இந்தியப் பதிவுகளை எண்வாரியாகத் தொகுத்து 1994இல் நூலாக்கினார். மும்பையில் 1990இல் இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கமொன்று தோன்றியது. ஈழத்து நூல்களையும் பிற ஆவணங்களையும் எண்மமாக்கும் நூலகம் நிறுவனத்தின் பணி 2005 முதல் நடந்து வருகிறது. இவர்கள் கண்ணிற் படாத தட்டுகள் இன்னும் வீடுகளில் உள்ளன.

அவ்வாறு ஒரு தட்டு வீட்டில் இருக்குமானால் செய்யத்தக்கவை சிலவே. அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த எத்திரவத்தாலும் துடைக்கலாகாது. சாராயம் அரக்கைக் கரைத்து வரிகளை அழித்துவிடும். வினைல் தட்டுக்கு அந்த அச்சமில்லை. ஆகவே எது எதுவென முதலில் அறிதல் வேண்டும். கனமாயும் நிமிடத்திற்கு 78 சுற்று எனக் குறித்தும் இருப்பது பெரும்பாலும் அரக்கே. பழைய எஃகு ஊசியால் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குதல் நன்று. ஒவ்வோர் ஓட்டமும் வரியிற் சிறிது தின்னும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், தாளுறையிலிட்டுப் புத்தகம்போல் நிறுத்தி, வெயிலும் ஈரமும் அணுகாத இடத்தில் வைக்கவேண்டும். தட்டின் நடுவிலுள்ள பெயர்த்தாளைச் சுற்றிய வெற்று வளையத்தில், ஒளியிற் சாய்த்துப் பார்த்தால் எண்ணும் எழுத்துமாகச் சில பொறிப்புகள் தெரியும். பெயர்த்தாள் கிழிந்து பாடியவர் பெயர் போயிருந்தாலும் அவ்வெண்ணைக்கொண்டு பாட்டையும் பாடியவரையும் பதிவின் காலத்தையும் கண்டுபிடிக்க முடியும். முதலில் அதனை ஒரு தாளில் எழுதித் தட்டின் உறைக்குள் வைத்துவிடுவது நன்று.